கை படாத ஊராம்!

அடுத்த முறை கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. மடக்கிய கையின் முட்டிகள் மாதிரி தெரிகிறதே என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். சிங்களத்தில் தும்பர. உயரமான சிகரம் 1,906 மீட்டர். ஹுன்னஸ்கிரியாவில் திரும்பி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, கோர்பெட்ஸ் கேப் என்ற கணவாய் வழியாக இறங்கினால் மீமுரே கிராமம். படிப்படியாக வயல், மிளகுக் கொடி, கித்துள் மரம், சுற்றிலும் பனிமூட்டம். பார்க்க வேண்டிய ஊர்தான்.

என் சண்டை, போய்விட்டு வருகிறவர்கள் தவறாமல் உதிர்க்கும் ஒரு வசனத்தோடு: 'கை படாத ஊர் சார்! ரோடு போட்டுக் கெடுத்துடாம இருக்கணும்.'

யாருக்காகக் கெடாமல் இருக்க வேண்டும்? உங்களுக்கு அந்தக் குலுக்கல் ரோடு ஒரு நாள் த்ரில். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு? நம் தெருவில் அரை மணி நேரம் கரண்ட் போனால் போனை எடுத்துக் கத்துகிறோம். அடுத்தவன் மட்டும் லாந்தர் வெளிச்சத்தில் அழகாக இருக்க வேண்டுமாக்கும்!

கை படாததா? 19-ம் நூற்றாண்டில் காப்பிக்காக இந்த மலைச்சரிவுகளை மொட்டையடித்தார்கள். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. பிறகு தேயிலை. வேலைக்குக் கூட்டிப்போனது யாரை? திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் பக்கத்து ஏழைகளை. நீங்கள் படம் பிடிக்கும் பச்சைக் கம்பளத்தில் நம் ஆட்களின் முதுகெலும்பு இருக்கிறது.

மேலே காட்டுக்குள் ஏலக்காய் போட்டார்கள். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு அடிக்காட்டை வெட்டுவார்கள். புது மரம் முளைக்காது. காயை உலர்த்த விறகும் வேண்டும். 2000-ல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தார்கள். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏலக்காய்க்குத் தடை.

தடை சரிதான். அந்தக் காடு பனிமூட்டத்திலிருந்தே தண்ணீரைப் பிடித்துத் தருகிறது. ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை எல்லாம் அங்கிருந்து இறங்கி மகாவலியில்தான் சேர்கின்றன. நானும் காட்டின் கட்சி. ஆனால் நியாயத்தைக் கவனியுங்கள். மலையையே வழித்தெடுத்த தோட்டம் 'வியூ பாயின்ட்'. நாலு மூட்டை ஏலக்காய் எடுத்தவன் காட்டின் எதிரி. காட்டைக் காப்பாற்றும் செலவை அவன் தலையில் மட்டும் கட்டிவிட்டு, நாம் ஓசியில் குளிர்காற்று வாங்குவது என்ன தர்மம்?

எனவே போங்கள், ஆனால் காசோடு போங்கள். உள்ளூர்க்காரரை வழிகாட்டியாகக் கூப்பிடுங்கள். அவர் வீட்டில் சோறு சாப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள். கித்துள் பாணியையும் மிளகையும் அவரிடமே வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உங்கள் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். ஆற்றங்கரையில் ஸ்பீக்கர் வேண்டாம். ரோடு வேண்டுமா, எவ்வளவு அகலம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் தீர்மானிக்கட்டும். நமக்கு அங்கே ஓட்டு இல்லை.

வழியில் அட்டை கடிக்கும். பயப்படாதீர்கள். வயிறு நிறைந்ததும் அதுவே விழுந்துவிடும். போதும் என்று தெரிந்த ஜீவன்.