கதவை மூடிய பிறகா சோதனை?



சென்ற மாதம் எங்கள் லயனைச் சேர்ந்த தம்பி ஒருவன் மனு எழுதித் தரச் சொல்லி வந்தான். விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், பழைய டியூப்லைட்டுகளை உடைத்துத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவன். மனுவை முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா பிடித்த விரல் நடுங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் போட்ட கையெழுத்து என் சங்க நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஆள் போட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். "தூக்கம் வரலேண்ணே. ஈறு வீங்குது. எதுக்கெடுத்தாலும் கோபம் வருது" என்றான். குடிக்கிறான் என்று வீட்டில் பேச்சு. அவன் குடிப்பதில்லை.

நான் டாக்டர் அல்ல. மெட்ரிக் படித்த ரயில்வே குமாஸ்தா. ஆனால் கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமற்ற கோபமும் கூச்சமும் ஒன்றாக வந்தால் பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைத்தால் ஆவியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போகும் ஆவியில் நூற்றுக்கு எண்பது பங்கு உடம்பில் தங்கிவிடும்.

இது தங்கவயலுக்குப் புதிய சரக்கா? இல்லை. பாலகாட், உரிகம், சாம்பியன் என்று இங்கே சுரங்கங்கள் தோன்றிய காலத்தில், மில்லில் இடித்த கல்மாவைப் பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் ஓடவிட்டுத்தான் தங்கத்தைப் பிடித்தார்கள். பிறகு அதைச் சூடாக்கி ரசத்தைப் பிரித்தார்கள். சயனைடு பிறகு வந்தது. அந்த மில்லில் நின்ற நம் பாட்டன்மாரின் உடம்பில் எவ்வளவு ரசம் இருந்தது என்று யார் அளந்தார்கள்? தங்கத்தைக் குன்றிமணி குறையாமல் எடை போட்டார்கள். தொழிலாளியின் உடம்பை எடை போடவில்லை.

கல்தூசி நோயிலும் இதே கதைதான். 1940-களில் தங்கவயலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. சோதித்ததால்தான் அது வெளியே தெரிந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். நோய் கதவை மூடிக்கொண்டு போகவில்லை; நெஞ்சுக்குள் லயன் வீட்டுக்கு வந்தது.

அதே 2001 மார்ச்சில் கொடைக்கானலில் இன்னொரு கதவு மூடப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து வரப்பட்டு, பின்னால் இந்துஸ்தான் லீவர் வசமான தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது. மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு பிடிபட்டதும் ஊர் திரண்டது. கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. தொழிலாளிக்கு? அவர்கள் சிறுநீரகக் கோளாறு, நடுக்கம் என்று முறையிட்டார்கள். தொழிற்சாலையால் உடல்நலம் கெடவில்லை என்று நிறுவனம் மறுத்தே வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 வரை பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை காலம்? ஒரு காரணத்தை நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஆவியாக நுழைந்த பாதரசம், வேலையை விட்ட பிறகு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. வருடம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் "ஒன்றுமில்லை" என்று காகிதம் வரும். ரசம் போய்விடும், அது கெடுத்த சிறுநீரகமும் நரம்பும் கெட்டபடியே இருக்கும். காலம் கடந்த சோதனை முதலாளிக்குச் சாட்சி சொல்லும்!

எந்தச் சோதனை என்பதையும் தெரிந்துகொள்வோம். ஆவியில் வேலை செய்கிறவருக்குச் சிறுநீர்ச் சோதனையே முக்கியம். லிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது. இரத்தச் சோதனை அண்மையில் உடம்பில் ஏறியதைக் காட்டும். மீன் தின்றாலும் அந்த அளவு கூடும். முடிச் சோதனை மீன் வழியாக வரும் ரசத்துக்கே உதவும். சிலர் முதலில் மருந்து கொடுத்து, பிறகு சிறுநீரைப் பிடித்து, "பார், விஷம் கொட்டுகிறது" என்று பயமுறுத்திப் பணம் பறிப்பார்கள். மருந்து கொடுத்தால் நல்ல உடம்பிலும் அளவு ஏறும். அதை நம்பாதீர்கள்.

பாதரச நோய் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலும் எழுதப்பட்டிருந்த நோய். ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை. நம் கோரிக்கை மூன்றே மூன்று. வேலைக்குச் சேரும்போதே ஒரு சோதனை, வேலையில் இருக்கும்வரை குறித்த காலத்துக்கு ஒரு சோதனை, நின்ற வாரமே ஒரு சோதனை. செலவு முதலாளியுடையது. முடிவின் நகல் தொழிலாளியின் கையில்.

"சோதனையில் தெரிந்தால் வேலை போய்விடுமே" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம். தனியாகப் போகிறவனை நிறுத்துவார்கள். கொட்டகை முழுவதும் சேர்ந்து கேட்டால் யாரை நிறுத்துவார்கள்? அதற்குத்தான் சங்கம்.

தாய்மார்களே, வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காதீர்கள். ரசம் துணியில் ஒட்டி வீட்டுக்கு வரும். டாக்டரிடம் போனால் நோயைச் சொல்வதற்கு முன் வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். மாதம் ஒரு முறை ஒரு நோட்டில் தேதி போட்டு அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அது சோதனைக்கு ஈடாகாது. ஆனால் கை நடுங்கத் தொடங்கினால் அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

அந்தத் தம்பி மனுவை எடுத்துக்கொண்டு போகவில்லை. கொட்டகையில் வேலை செய்யும் மற்றவர்களும் கையெழுத்துப் போடட்டும் என்று என்னிடமே வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். நீங்களும் வாருங்கள்.