ஐப்பசியில் ஓட்டம் நிற்கலாமா?

திருநெல்வேலியில் குளிர் யாரையும் வீட்டுக்குள் அடைத்ததில்லை. மார்கழி விடியலில்கூட பாளையங்கோட்டையின் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மராத்தான் முடிவுகளை ஆராய்ந்தவர்கள், நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றது 10 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை என்கிறார்கள். அதற்கு மேல் ஏற ஏற வேகம் குறையும். அப்படியென்றால் தாமிரபரணிக் கரையில் ஓடுகிறவர்களுக்கு ஆண்டிலேயே நல்ல பருவம் ஐப்பசி தொடங்கி தை முடிய வரும் மாதங்கள்தான். ஆனால் அந்த மாதங்களில்தான் மைதானங்களில் ஆள் குறைகிறது.

மழை, சகதி, இருட்டு மூன்றும் சேர்ந்து ஓட்டத்தை நிறுத்துகின்றன. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே பெய்துவிடுகிறது. பிசான சாகுபடி நடக்கும் நேரம் அது. கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் வயலில் இருந்து ஏறி வரும்போது தொளியைச் சாலை முழுக்க அப்பிவிட்டுப் போகும். கோடையில் சுகமாக ஓடிய கால்வாய்க் கரைகள் வழுக்கும். சூரியனும் பிந்திக்கொள்ளும். மே கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் உதிப்பது, ஜனவரிக் கடைசியில் ஆறு நாற்பதுக்குத்தான் தலைகாட்டும். டிசம்பரில்தான் பகல் குறுகல் என்றாலும், ஆண்டின் மிகத் தாமதமான உதயம் இங்கே ஜனவரி இறுதியில் வருகிறது. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவருக்கு அந்த நாற்பது நிமிடம் சிறிய இழப்பு அல்ல.

இதையெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் வட்டாரத்து இளைஞர்கள் பலர் வேலைக்காக ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுகிறவர்களுக்கே முழு மதிப்பெண். மைதானம் தொளியாகக் கிடக்கிறது என்று ஐப்பசியில் நிறுத்திய பையன், தையில் அழைப்பு வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சில விநாடிகளில் வேலை கைநழுவிப்போகும் ஓட்டம் இது.

இடைவெளி உடம்பை என்ன செய்கிறது என்பதை 1984-இல் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கோயில் அளந்து காட்டினார். நெடுநாள் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களும் சைக்கிள் ஓட்டுநர்களும் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்துக்குள் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் அந்தச் சரிவு 16 சதவீதத்தில் போய் நின்றது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு வாரம்தான்.

இதைவிடப் பயனுள்ள செய்தி ராபர்ட் ஹிக்சன் 1980-களில் நடத்திய ஆய்வுகளில் இருக்கிறது. வாரம் ஆறு நாள், தினம் 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களை, பிறகு வாரம் இரண்டே நாளுக்குக் குறைக்கச் சொன்னார். பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய ஆக்சிஜன் திறன் குறையவில்லை. இன்னொரு ஆய்வில் நாட்களைக் குறைக்காமல் நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தார். அப்போதும் அந்தத் திறன் நிலைத்தது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வலு மட்டும் கொஞ்சம் இறங்கியது. வேகத்தையும் கடுமையையும் குறைத்தவர்கள்தான் ஈட்டியதை இழந்தார்கள்.

மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. வாரம் ஆறு நாள் ஓட முடியவில்லையே என்று மனம் நொந்து ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. வானம் வெளிவாங்கும் இரண்டு மூன்று நாளைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் மூச்சு வாங்க ஓடினால் போதும். நான்கு முறை 400 மீட்டர் விரைந்து ஓடி நடுவே மெதுவாக நடப்பது, காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பொருத்தமான பயிற்சி. மற்ற நாட்களில் மாடிப்படி ஏறி இறங்கலாம், ஸ்கிப்பிங் ஆடலாம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாளைக்குள் ஓரளவு காய்ந்துவிடும்.

இதற்காக எல்லா மழையிலும் இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இருப்பதுதான் புத்தி. அக்டோபர் மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடியோடு வரும் என்பதால் காலை ஓட்டமே பாதுகாப்பு. இடிச் சத்தம் அடங்கி அரை மணி நேரம் ஆகாமல் வெட்டவெளிக்குப் போகக் கூடாது. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சிறு கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றும். தண்ணீர் மூடிய குழியோ கண்ணுக்கே தெரியாது.

இருட்டைச் சமாளிக்கும் வழியை இந்த வட்டாரத்துப் பாதயாத்திரைக்காரர்களே காட்டியிருக்கிறார்கள். மார்கழியிலும் தைப்பூசத்தை ஒட்டியும் திருச்செந்தூருக்கு ஆயிரக்கணக்கானோர் பச்சை உடுத்தி, இரவெல்லாம் நடக்கிறார்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு, கூட்டமாக, பேசிக்கொண்டே போகிறார்கள். ஓடுகிறவர்களுக்கும் அதே வழிதான்: பட்டை, சிறு டார்ச், கூட இரண்டு பேர். தனியாக ஓடுகிறவருக்கு மழைத்தூறல் ஒரு சாக்கு. தெருமுனையில் இன்னொருவர் காத்திருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது.

பாஸ்டன் மராத்தான் ஏப்ரலில் நடப்பதால் அந்த ஊர்க்காரர்கள் டிசம்பர் முதல் பனியில் ஓடித்தான் தயாராகிறார்கள். மும்பை மராத்தான் ஜனவரியில் வருகிறது. அதில் ஓட நினைக்கும் தமிழ்நாட்டுக்காரருக்குப் பயிற்சிக் காலம் முழுவதும் அடைமழைக் காலம். 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூர்யாவும், 2017-இல் புவனேசுவரத்து ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரண்டு தங்கத்தையும் வென்ற ஜி. லட்சுமணனும் புதுக்கோட்டைக்காரர்கள். அந்த ஊருக்கும் இதே வடகிழக்குப் பருவமழைதான்.

தனிமனித உறுதி இருந்தால் போதும் என்று சொல்லி ஊர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டத்தை மாநில அரசு தொடங்கியது 2023 நவம்பரில், மழை மாதத்தில். நல்ல திட்டம், ஆனால் மழை மாதத்திலும் பயன்படும் பாதையாக இருந்தால்தான் அதற்கு முழு மதிப்பு. பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குப் பஞ்சமே இல்லை. புரட்டாசி முடிவதற்குள் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டி, ஓடுபாதையில் சரளையோ மணலோ பரப்பி, மூலைக்கு ஒரு விளக்கு போட்டு, விடிகாலை ஐந்து முதல் ஆறரை வரை கதவைத் திறந்து வைத்தால் பெருஞ்செலவு ஆகாது. இருட்டுச் சாலையில் ஓடத் தயங்கி முதலில் நின்றுவிடுகிறவர்கள் பெண்கள்தான். வெளிச்சமுள்ள மைதானம் முதலில் அவர்களுக்குத்தான் தேவை. மாநகராட்சியும் பள்ளி நிர்வாகங்களும் இந்தப் புரட்டாசிக்கு முன்பே ஒருமுறை உட்கார்ந்து பேசி, எந்தெந்த மைதானத்தைத் திறக்கலாம் என்று முடிவு செய்து ஊருக்கு அறிவிக்கட்டும்.