போர்வைக்குள் நுழையத் தெரியாத மேதை! சீமையில் துறைமுக கிளார்க் பட்ட பாடு
"பையன் ஃபாரின்ல படிக்கிறான்."

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தப் பேச்சு இப்போது சகஜமாகிவிட்டது. ஒரு காலத்தில் ஜமீன் வீட்டுப் பிள்ளையும் பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளையும்தான் படிக்கச் சீமைக்குப் போவார்கள். இன்று கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் மகனும் போகிறான். விசைப்படகுக்காரர் மகளும் போகிறாள். நகையை அடகு வைத்தும், பேங்கில் கடன் வாங்கியும் அனுப்புகிறார்கள்.

நல்ல காரியம்தான். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. பீஸ் கட்டியாச்சு. விசா வந்தாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. அந்த ஊரில் தனியாக எப்படிப் பிழைப்பது என்று பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இதற்கு விடை தேடி வெகுதூரம் அலைய வேண்டாம். சென்னைத் துறைமுகத்திலேயே விடை இருக்கிறது.

30 ரூபாய் சம்பளம்

1912-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு வாலிபர் கிளார்க்காகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணத்துப் பிள்ளை. எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். ஆபீஸ் வேலை முடிந்த நேரமெல்லாம் கணக்கு, கணக்கு, கணக்குதான். எழுத பேப்பர் வாங்கக் காசு இல்லாமல், துறைமுகத்தில் சரக்குக் கட்டிவந்த காகிதத்தைப் பொறுக்கி அதில் எழுதினார்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேனேஜர் நாராயண அய்யரும் பையனின் மூளையைக் கண்டுகொண்டார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்து போனார். சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பிறகு சீமைக்குப் போய்ப் படிக்க வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. கப்பல் கட்டணமும் துணிமணிச் செலவும் தனி.

குடுமி போனது

புறப்படுவதற்கு முன் குடுமியை வெட்டினார்கள். சட்டை, காலர், டை, பூட்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கப் பழக்கினார்கள். இந்தக் கோலத்தைப் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்று தாயாரையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார் ராமானுஜன்.

1914 மார்ச் 17-ந்தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'நெவாசா' கப்பல் கிளம்பியது. ஏப்ரல் 14-ந்தேதி லண்டனில் இறங்கினார். அழைத்துப் போகக் காரும் வந்திருந்தது. சில நாள் லண்டன் கிராம்வெல் ரோட்டில், இந்திய மாணவர்கள் இறங்கும் விடுதியில் தங்கினார். பிறகு கேம்பிரிட்ஜ், ட்ரினிட்டி கல்லூரி.

பெரிய மனிதர்களைக் குறை சொல்ல முடியாது. பணம் கொடுத்தார்கள், துணி கொடுத்தார்கள், கப்பல் ஏற்றினார்கள், காரில் அழைத்தும் போனார்கள்.

சின்ன விஷயங்கள்தான் விட்டுப்போயின.

குளிரில் நடுக்கம்

மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினாரே, அவரேதான். ஒருநாள் ராமானுஜனிடம், "ராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார்.

"ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். அப்படியும் நடுங்குகிறது" என்கிற மாதிரி பதில் வந்தது.

மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பும் போட்டிருந்தது. அந்தக் கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை! கம்பளிகளுக்கு மேலே படுத்து நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

சிரிப்பு வரும். சிரித்துவிட்டு யோசிக்க வேண்டும். உலகமே வியந்த மூளை அது. கூப்பிடு தூரத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அன்று ராத்திரியே நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கேட்கவில்லை. புது ஊரில் எந்தப் பிள்ளைக்கும் வரும் கூச்சம் அது. 'இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சம். மேதையையும் அது விடவில்லை.

ரசத்தால் வந்த வினை

ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சமையலறையை நம்பாமல் தன் அறையிலேயே பொங்கிச் சாப்பிட்டார். புளி, மற்ற சாமான்கள் எல்லாம் ஊரில் இருந்து போக வேண்டும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. கடலில் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கிவிட்டால் சாப்பாட்டு நினைப்பே வராது அவருக்கு. உடம்பு என்ன ஆகும்?

ஒருநாள் ஓர் இந்திய நண்பரையும் இரண்டு பெண்மணிகளையும் விருந்துக்கு அழைத்தார். தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் தடவை ஊற்றினார், வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பெண்கள் "போதும்" என்றார்கள்.

அவ்வளவுதான். வெளியே போன மனிதர் திரும்பவே இல்லை. தேடினார்கள், ஆளைக் காணோம். நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டில் இருந்து தந்தி வருகிறது. ஐந்து பவுன் அனுப்பும்படி!

தான் ஆக்கிப்போட்டதை வேண்டாம் என்றுவிட்டார்களே என்று மனம் உடைந்து போனாராம். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். பேச ஆள் இல்லாமல் நாள் கணக்கில் அறைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு கரண்டி ரசம்கூட மானப் பிரச்சினையாகிவிடும்.

1917-ல் இன்னொரு கூத்து. லண்டனில் ஒரு விடுதியில் ஓவல்டின் குடித்தார். பிறகு டப்பாவைப் படித்துப் பார்த்தால் அசைவம் கலந்திருக்கிறது! மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். அதே இரவில் ஜெர்மானியர்கள் லண்டனில் குண்டு போட்டார்கள். 'நான் செய்த பாவத்துக்குத்தான் கடவுள் குண்டு போடுகிறார்' என்று நம்பிவிட்டார் அந்த மனிதர்.

தண்டவாளத்தில் மேதை

ராமானுஜன் என்றாலே 1729 என்ற எண்ணுள்ள டாக்சியில் ஹார்டி ஆஸ்பத்திரிக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ரயில் கதை பலருக்குத் தெரியாது.

1917-ல் இருந்தே உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. காசநோய் என்றார்கள். அது காசநோயே இல்லை, குடலில் தொடங்கி ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் எழுதினார். இதற்கிடையே வீட்டில் மாமியார் மருமகள் தகராறு. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போகாதபடி தாயார் தடுத்துவிட்டார். வெளியே குளிர், உள்ளே நோய், ஊரில் இருந்து ஆறுதலாக ஒரு வரி இல்லை.

1918-ம் ஆண்டு தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தண்டவாளத்தில் விழுந்தார். ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தினார். சில அடி தூரத்தில் ரயில் நின்றது. உயிர் தப்பியது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஹார்டி ஓடிவந்து, இவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எடுத்துச் சொல்லி மீட்டார். ஹார்டி சொல்லக் கேட்டு இதை வெளியில் சொன்னவர், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர்.

அதே 1918-ல்தான் அவருக்கு எப்.ஆர்.எஸ். பட்டம் கிடைத்தது. அதே 1918-ல்தான் ட்ரினிட்டி கல்லூரி அவரை பெல்லோ ஆக்கியது. இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுதான் முதல்முறை. ஊரெல்லாம் புகழ் பரவிய அதே வருடத்தில் ஆள் தண்டவாளத்தில் கிடந்தார்.

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந்தேதி சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

வீடியோ காலில் சிரிப்பு

"அது அந்தக் காலம். இப்பத்தான் போன் இருக்கே, தினமும் முகத்தைப் பார்த்துப் பேசுறோமே" என்று பெற்றோர் சொல்லலாம்.

பேசுகிறோம், சரி. என்ன பேசுகிறோம்? "சாப்டியா?" "சாப்டேம்மா." "பணம் போதுமா?" "போதும்பா." அவ்வளவுதானே? ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பதையும், பகலில் படித்துவிட்டு ராத்திரியில் ஓட்டலில் தட்டு கழுவுவதையும், ஒரு பாடத்தில் பெயிலானதையும் எத்தனை பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லுகின்றன? வீட்டில் நகை அடகில் இருப்பது அதுகளுக்குத் தெரியும். அதனால் சிரித்த முகத்தோடு போனை வைத்துவிடும்.

ராமானுஜனைப் போலவே படிக்கப் போன இடத்தில் போரில் சிக்கிக்கொள்வதும் பழங்கதை அல்ல. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் ரஷியா குண்டு போட்டபோது, அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் நிலவறையிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் பதுங்கிக் கிடந்தார்கள். இந்தியத் தூதரகத்தில் பேரைப் பதிந்துவைப்பது ஐந்து நிமிஷ வேலை. ஆபத்து வந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடுவார்கள். எத்தனை பேர் பதிகிறார்கள்?

பெற்றோர் கவனிக்க

ஆகவே அனுப்புகிறவர்கள் சில காரியங்களைச் செய்தே ஆகவேண்டும்.

பையனோ பொண்ணோ, கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன் சோறு வடிக்க, குழம்பு வைக்க, துணி துவைக்கக் கற்றுக்கொள்ளட்டும். "எங்க வீட்டுப் பிள்ளை அடுப்படிப் பக்கமே வந்ததில்லை" என்பது பெருமை அல்ல.

அந்த ஊரில் பேர், விலாசம், போன் நம்பரோடு ஒரு மனிதரையாவது தெரிந்துவைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. 'இது எப்படி?' என்று வெட்கப்படாமல் கேட்கக்கூடிய ஆளாக இருந்தால் போதும்.

வீட்டுச் சண்டையைப் பிள்ளை தலையில் கட்டக்கூடாது. பேச்சை நிறுத்தித் தண்டிக்கவும் கூடாது. கடிதம் நின்றுபோனதால் ஒரு மேதை பட்ட துன்பம் போதும்.

மனசு சரியில்லை என்று பிள்ளை சொன்னால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, படி" என்று அடக்காமல் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும். படிக்கும் கல்லூரியிலேயே ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். என்ன செய்வது என்று தெரியாத பெற்றோர் இங்கே 14416 என்ற எண்ணில் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்: "முடியலைன்னா திரும்பி வந்துடு. கடனை நாங்க பார்த்துக்கிறோம்." இந்த வார்த்தைக்குப் பைசா செலவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றும்.

ஏழைப் பிள்ளைகளை மறக்காதவர்

ராமானுஜனைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார் பி.கே.சீனிவாசன் ஊர் ஊராக அலைந்து அவருடைய கடிதங்களையும், பழகியவர்களின் நினைவுகளையும் திரட்டி 1968-ல் புத்தகமாக்கினார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகமும் தொடங்கினார்.

அப்படிப்பட்ட ராமானுஜன் 1919 ஜனவரியில், ஊர் திரும்பும் முன், நோயோடு நோயாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிதாகத் தரப்போகும் உதவித்தொகையில் பெற்றோருக்கு வருடம் 50 பவுனும், தன் அவசியச் செலவும் போக, மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அந்த ஏழைப் பிள்ளைகள்தான் இன்று எண்ணூரில் இருந்தும் காசிமேட்டில் இருந்தும் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு மாலை போட்டு, பேனர் கட்டி வழியனுப்புவது பெரிதல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிள்ளைகள் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு கதவைத் திறந்துவிட்டால், போய்வந்தவர்கள் போகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். குளிருக்கு எப்படிப் படுப்பது என்பதில் இருந்து, போலீஸ் பிடித்தால் யாருக்குப் போன் போடுவது என்பதுவரை!

ஒரு கூடமும் நாற்பது நாற்காலியும் போதும். மாநகராட்சி கதவைத் திறக்குமா?