கழித்தெறியும் உறுப்பும் கற்றோர் பொறுமையும்

தாயின் வயிற்றில் நாம் இருந்த காலத்தில் நமக்கு நுரையீரலாயும் குடலாயும் சிறுநீரகமாயும் நின்று தொழிற்பட்ட உறுப்பு ஒன்று உண்டு. நாம் பிறந்த அன்றே அதனைப் புதைத்தனர். பின் எவரும் நினைத்திலர். பாடநூல்கள் அதனைச் சூல்வித்தகம் என்னும். மக்கள் வழக்கில் அது நச்சுக்கொடி. உயிரூட்டிய உறுப்பை நஞ்சோடு சார்த்திப் பெயரிட்டமை தமிழாசிரியராகிய எமக்கு என்றும் வியப்பே.

இவ்வுறுப்பு கருவிலிருந்தே தோன்றிக் கருப்பைச் சுவரிற் பற்றி வளர்வது. தொடக்க மாதங்களில் அப்பற்று நன்கு அமையாவிடின், பின்னர்த் தாய்க்குக் குருதியமுக்கம் ஏறி, தாய் சேய் இருவர்க்கும் ஆபத்து நேர்தல் உண்டு. நோய் வெளிப்படும்போதோ அதன் காரணம் பல வாரங்களுக்கு முன்னரே நிகழ்ந்து முடிந்திருக்கும். எலியின் சூல்வித்தகம் மனிதருடையதை ஒவ்வாது. எலிகளில் தீங்கு காட்டாத தலிடோமைட் என்னும் மருந்து 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இல் அங்கு மீட்கப்பட்டது. அதனை உண்ட தாயர்க்கு உலகெங்கும் 10,000இற்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கக்குறையுடன் பிறந்தன. விலங்கைக் கொண்டு மனிதரை அளத்தலின் குறை இதனாற் புலனாகும்.

2018இல், கலாநிதிப் பட்டத்தின் பின்னும் ஆய்வைத் தொடர்ந்த மார்கரிட்டா டுர்கோ என்பார், கேம்பிரிட்ஜிலே ஆஷ்லி மொபெட் முதலிய அறிஞருடன் கூடி, மனிதச் சூல்வித்தகக் கலங்களைக் கூழ்போன்ற ஊடகத்தில் வளர்த்து, சிறிய இழைய உருக்களை ஆக்கினார். வியன்னா ஆய்வாளரும் அவ்வாண்டே இதனைச் சாதித்தனர். ஓர்கனொயிட் எனப்படும் இவற்றைச் சிற்றுறுப்பு எனலாம். இவை சுரந்த ஓமோனால், கடையில் விற்கும் கர்ப்பச் சோதனைக் கருவியும் கர்ப்பம் உண்டென்றே காட்டிற்று!

அக்கலங்கள், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்கள் தம் ஒப்புதலுடன் அளித்த இழையத்திலிருந்து பெறப்பட்டவை. இதனைக் கேட்டுக் கூசுவோர் உளர். அக்கூச்சத்தை நாம் இகழோம். எனினும், வீணே கழியும் இழையம் வருங்காலத் தாயரைக் காக்க உதவுமாயின், அதனை மறுத்தல் அறமாகாது என்பதே எமது துணிபு. சிற்றுறுப்பினுள் கரு இல்லை. அது குழந்தையாக வளரவும் மாட்டாது. மேலும், 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர், நிறைமாதச் சூல்வித்தகத்திலிருந்தும் இவற்றை வளர்த்துக் காட்டினர். நாம் மண்ணிற் புதைக்கும் பொருளே நூலாக விரிந்தது காண்க.

ஆயினும் மிகைபடக் கூறல் தகாது. இச்சிற்றுறுப்பில் தாயின் குருதி ஓடுவதில்லை. நோய் தீர்க்கும் மருந்தும் இதுவன்று; நோயின் வேரைத் தேடுதற்கு ஏற்றிய விளக்கே இது.

அவ்விளக்கை ஏந்துவோர் யாவர்? பட்டம் பெற்ற பின்னரும் நிலையான பதவியின்றிக் குறுகிய கால நியமனங்களில் ஆண்டுகள் பல உழைக்கும் இளைஞரே. டுர்கோ பின்னர் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் தம் ஆய்வுக்குழுவை நடத்தலானார். அந்நிலை எய்தாதோர் பலர். வைத்தியரையும் பொறியியலாளரையும் மாலையிட்டு வரவேற்கும் நாம், இத்தகையோரையும் விழாமேடைக்கு அழைத்தல் வேண்டும். "இன்னும் படிக்கிறானா?" என ஏளனமாய் வினவும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிடல் வேண்டும். பட்டத்தோடு நூலை மூடுவார்க்குக் கல்வி முடிந்தது. வினாவோடு அதனைத் திறப்பார்க்கோ அன்றுதான் தொடங்குகின்றது. மாணவர் இதனை மனங்கொள்வாராக!