பெட்டிக்குள் மீன் எவ்வளவு, ரொட்டித்தூள் எவ்வளவு?

இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ஃப்ரீசரைத் திறந்தால் ஒரு ஃபிஷ் ஃபிங்கர் பெட்டியோ ரொட்டித்தூள் தடவிய மீன் ஃபில்லெட் பெட்டியோ கண்ணில் பட வாய்ப்பு அதிகம். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. முள் கிடையாது, கவிச்சி வாடை கிடையாது, கழுவி அரிய வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, "பிள்ளை மீன் சாப்பிடுகிறது" என்ற நிம்மதி வேறு! அந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். "ஐஸில் வைத்த மீன், அதில் என்ன சத்து இருக்கப்போகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. பிடித்தவுடன் வேகமாக உறைய வைத்த மீனில் புரதமோ தாதுக்களோ பெரிதாகக் குறைவதில்லை. குளிரூட்டுவதில் தப்பே இல்லை. விஷயம் மீனின் மேலே ஒட்டியிருக்கும் போர்வையில் இருக்கிறது.

ஃபிஷ் ஃபிங்கர் எப்படித் தயாராகிறது? முள் நீக்கிய வெள்ளை மீனை (காட், ஹேடக், அலாஸ்கா போலக் போன்றவை) சுமார் 7.5 கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தி உறைய வைக்கிறார்கள். அந்தக் கட்டியை ரம்பத்தால் விரல் விரலாக அறுத்து, மாவுக் கரைசலில் நனைத்து, ரொட்டித்தூளில் புரட்டுகிறார்கள். பிறகு, போர்வை உதிராமல் ஒட்டிக்கொள்ள, சூடான எண்ணெயில் சில நொடிகள் போட்டு எடுத்து மறுபடி உறைய வைக்கிறார்கள். இந்தக் கடைசிப் படிதான் பலருக்குத் தெரியாதது. "வீட்டில் பொரிப்பதில்லை, அவனில்தான் சுடுகிறோம்" என்று திருப்திப்படுகிறவர்கள் கவனிக்க... எண்ணெய் தொழிற்சாலையிலேயே உள்ளே போய்விட்டது!

இப்போது கணக்கு. 100 கிராம் பச்சை காட் மீனில் ஏறக்குறைய 80 கலோரி, 18 கிராம் புரதம், 1 கிராமுக்கும் குறைவான கொழுப்பு. மாவுச்சத்து கிடையாது. அதே 100 கிராம் ரொட்டித்தூள் தடவிய மீன் என்றால், பிராண்டைப் பொறுத்து 200 முதல் 280 கலோரி வரை போகும். புரதம் 11 முதல் 14 கிராமுக்கு இறங்கிவிடும். கொழுப்பு 9 முதல் 16 கிராம், மாவுச்சத்து 20 கிராம் அளவில். காட் மீனில் இயல்பாகவே இருக்கும் சோடியம் 50, 60 மில்லிகிராம்தான். போர்வை போட்ட பிறகு அது 300, 400 என்று ஏறுகிறது.

காரணம் எளிது. இத்தகைய பொருட்களில் பலவற்றில் மீன் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மிச்சமெல்லாம் மாவும் எண்ணெயும்.

பிரிட்டனின் என்.எச்.எஸ். வாரத்துக்கு இரண்டு வேளை மீன் சாப்பிடச் சொல்கிறது. அதில் ஒன்று கொழுப்புள்ள மீனாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளை என்பது சமைத்த மீன் 140 கிராம். ஒரு ஃபிஷ் ஃபிங்கரின் எடை சுமார் 28 கிராம். ஐந்து எடுத்தால் சரியாக 140 கிராம் வருகிறது, கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் 60 சதவீதம் என்று வைத்தால் அதில் மீன் 84 கிராம்தான். உண்மையான 140 கிராம் மீன் வேண்டுமென்றால் எட்டுக்கு மேல் சாப்பிட வேண்டும். கூடவே அவ்வளவு மாவும் எண்ணெயும்!

அடுத்து ஒமேகா-3. வெள்ளை மீனில் இது இயல்பாகவே குறைவு. காட் மீனில் 100 கிராமுக்குச் சுமார் 0.2 கிராம். ஹெர்ரிங் மீனில் 1.5 கிராம் அளவுக்கு உண்டு. ஆனாலும் ஐரோப்பிய விதிப்படி 100 கிராமுக்கும் 100 கலோரிக்கும் 40 மில்லிகிராம் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இருந்தாலே "ஒமேகா-3 உள்ளது" என்று பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். சட்டப்படி பொய் இல்லை. ஆனால் வாங்குகிறவர் மனதில் எழும் படம் வேறு.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1950களில் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் பிரிட்டனில் விற்க நினைத்தது ஹெர்ரிங் மீன் துண்டுகளைத்தான். ஹெர்ரிங் என்றால் தமிழ்நாட்டில் மத்தி, சாளை என்பார்களே, அந்தக் குடும்பத்து மீன். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், ருசி அதிகம் இல்லாத காட் துண்டுகளையும் சவுத்தாம்ப்டனிலும் தெற்கு வேல்ஸிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மக்கள் காட் மீனையே விரும்பினார்கள். 1955ல் அதுவே ஃபிஷ் ஃபிங்கராகக் கடைக்கு வந்தது. சத்து மிகுந்த மீன் தோற்று, சப்பென்று இருந்த மீன் ஜெயித்த கதை!

அப்படியென்றால் இந்தப் பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டுமா? தேவையில்லை. மீன் வாடையே ஆகாத பிள்ளைக்கு இது நல்ல தொடக்கம். வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாயிடம் போய் புதுமீன் வாங்கி ஆய்ந்து சமைக்கச் சொல்வது எளிது, செய்வது கடினம். தவறு வாங்குகிறவரிடம் இல்லை. இதை "மீன்" என்ற கணக்கில் முழுதாக எழுதிக்கொள்வதுதான் தவறு. இங்கிலாந்தின் பள்ளி உணவு விதிகள் (2015) இதில் தெளிவாக இருக்கின்றன. ரொட்டித்தூள் தடவிய உணவை எண்ணெயில் பொரித்த உணவோடு ஒரே வரிசையில் வைத்து, இரண்டும் சேர்த்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்கின்றன. கொழுப்புள்ள மீன் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாவது வேண்டும் என்று தனியாகச் சொல்கின்றன.

பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் கடைக்கு வரும் பெற்றோருக்கும் தெரிய வேண்டாமா? மீன் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் 2000லேயே வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கிறது. பளபளக்கும் மீன் படத்துக்குப் பக்கத்திலேயே "மீன் 60%" என்று பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டும். நல்ல சரக்கு விற்கும் நிறுவனத்துக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அதுவரை, பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது ஒன்றே வழி. மீன் சதவீதம், கொழுப்பு, உப்பு... இந்த மூன்று எண்களைப் பார்க்க அரை நிமிடம் போதும். இரண்டு பெட்டிகளில் எதில் மீன் அதிகமோ அதை எடுக்கலாம். வாரத்தில் இன்னொரு நாளைக்கு ஒரு மத்தி டின்னையும் கூடையில் போட்டுக்கொண்டால், ஹெர்ரிங் அன்று இழந்த இடத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.