மேட்டின் பெயரே சான்று

சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டுக் கூறும் அரண்மனையின் சுவர், கங்கைகொண்ட சோழபுரத்தில் நிலத்தின்மேல் எழுந்து நிற்கவில்லை. ஆயினும் அஃது இருந்த இடத்தை ஊரார் மறந்தாரில்லை. அவ்விடத்தை மாளிகைமேடு என்றனர். அடுத்த ஊரை உட்கோட்டை என்றனர். அருகிலேயே மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. ஏடறியா உழவரின் நாவிலே ஒரு தலைநகரின் வரைபடமே எஞ்சி நின்றது!

அப்பெயர் காட்டிய வழியே மண்வெட்டி சென்றது. 1980இல் தமிழ்நாட்டரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை மாளிகைமேட்டை அகழ்ந்தது. இன்று அரியலூர் மாவட்டத்திலுள்ள அவ்வூர் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கற் சுவர்களின் அடித்தளமும், கூரை ஓடுகளும், இரும்பாணிகளும், சீனத்துப் பீங்கான் உடைசல்களும் வெளிப்பட்டன. 2021இல் மீண்டும் அகழ்ந்தபொழுது மேலும் சுவர்கள் தோன்றின.

கடாரம் வென்ற இராசேந்திரன் இறைவனுக்குக் கருங்கல்லால் கோயில் எடுத்தான். தன் வீட்டுக்குச் செங்கல்லும் மரமும் போதுமென்றிருந்தான். கல் நின்றது, செங்கல் சாய்ந்தது. சாய்ந்ததையேனும் விட்டுவைத்தோமா? தோண்டிக் கொண்டுபோய் நம் வீட்டுச் சுவருக்கு வைத்துக்கொண்டோம். ஆங்கிலேயரோ, திருவரங்கத்தை வடபுறம் தழுவிவரும் கொள்ளிடத்தின் கீழணைக்கென்று கோயில் மதிற்கல்லையே பெயர்த்தனர். அவ்வணை எழுந்தது 1836இல். அயலானை மட்டும் பழிப்பதில் பயனென்ன?

2004இல் அக்கோயில் உலக மரபுச் சின்னமாயிற்று. மகிழ்ச்சியே. அதைக் கட்டியவனின் வீட்டுக்கு அப்பெருமை கிட்டவில்லை.

திருச்சிராப்பள்ளியின் உள்ளேயே உறையூர் கிடக்கிறது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்து, தமிழி பொறித்த பானையோடுகளைக் கண்டனர். இன்று வீடுகள் நெருங்கிய அவ்வூரில் அகழ இடம் தேடவேண்டும். ஆனால் பெயராவது பிழைத்திருக்கிறது. அரங்கத்துக்கு அந்நற்பேறும் இல்லை. ஆற்றிடைக்குறை என்னும் பொருளைத் தானே உரைத்துநின்ற தமிழ்ப்பெயர், தொடர்வண்டி நிலையப் பலகையிலும் 'சிரீரங்கம்' ஆயிற்று. இருகரையும் நீர் தழுவ நிற்கும் ஊரின் பெயரில் அந்த நீரைக் காணோம்!

மாளிகைமேட்டையும் உட்கோட்டையையும் சூழ்ந்த நிலம் முழுவதையும் அரசு அளந்து, புதுக்கட்டடம் எழுமுன் அகழவேண்டும். அங்கே செங்கல் எடுப்பவனைத் தடுக்கவேண்டும். வயலுக்கும் மேட்டுக்கும் குளத்துக்கும் ஊர் முதியோர் வழங்கும் பெயர்களை, அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளவேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு சுவடியும் கோலும், கேட்கும் செவியும் போதும்.