வங்கி நொடித்தால் யார் கட்டுவது?

1982 செப்டம்பர் 1 அன்று, மெக்சிகோ அதிபர் ஹோசே லோபஸ் போர்த்தியோ தமது கடைசி ஆண்டறிக்கை உரையில், நாட்டின் தனியார் வங்கிகளை அரசே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். எண்ணெய் விலை சரிந்து, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு தவித்த நேரம் அது. டாலர்களை வெளிநாட்டுக்குக் கடத்த வங்கிகளே துணைபோயின என்பது அவரது குற்றச்சாட்டு.

அன்று அரசுடைமையான வங்கிகளில் முக்கியமானது 1884இல் பிறந்த பனாமெக்ஸ். அரசிடமிருந்து 1991இல் உள்ளூர்ப் பங்குத்தரகர்களின் கைக்கும், 2001இல் 1,250 கோடி டாலருக்கு அமெரிக்காவின் சிட்டி குழுமத்தின் கைக்கும் அது போனது. 2025இல் அதன் 25 சதவீதப் பங்கை மெக்சிகோ தொழிலதிபர் ஒருவர் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நாட்டில் நடந்த விவாதம் ஒன்றுதான்: வங்கி அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா, அந்நியரிடமா? அதைவிட முக்கியமான கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. வங்கி நொடித்தால் நட்டத்தை யார் ஏற்பது?

1991-92இல் நடந்த தனியார்மயமே இதற்குச் சான்று. 18 வங்கிகள் மளமளவென விற்கப்பட்டன. வாங்கியவர்கள் புத்தக மதிப்பைப்போல் சராசரியாக மூன்று மடங்கு விலை கொடுத்தார்கள். சிலர் அதற்கும் கடன் வாங்கினார்கள். போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்கும் அவசரத்தில் கடன்கள் வாரி வழங்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு வேண்டிய நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டி. அந்தக் கடன்களே அதிகம் வாராக்கடன் ஆயின. தவணை தவறினால் அந்தத் தவணையை மட்டும் கணக்கில் காட்டினால் போதும், முழு அசலையும் காட்ட வேண்டாம் என்று கணக்கு விதியே இடம் கொடுத்தது. டெபாசிட்டுகளுக்கு அரசின் உத்தரவாதம் வேறு.

1994 டிசம்பரில் பெசோ சரிந்தது. அடுத்த ஆண்டு வட்டி 80 சதவீதத்தையும் தாண்டியது. விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் ‘எல் பார்சோன்’ என்ற இயக்கமாகத் திரண்டு வங்கி வாசல்களில் போராடினார்கள். வங்கிகளின் வாராக்கடனையோ ‘ஃபோபாப்ரோவா’ என்ற அரசு நிதியம் வாங்கிக்கொண்டது. 1998இல் அதிபர் செடியோ நாடாளுமன்றத்தின் முன் வைத்த சுமை சுமார் 55,200 கோடி பெசோ. அதன் பெரும்பகுதி வரி கட்டுவோர் தலையில் விழுந்தது. அதற்கான வட்டிக்கு இன்னும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படுகிறது. மக்கள் பணத்தில் மீட்கப்பட்ட பனாமெக்ஸ் சிட்டிக்கு விற்கப்பட்டபோது, பரிவர்த்தனை பங்குச்சந்தை வழியே நடந்ததால் அரசுக்கு வரிகூடக் கிடைக்கவில்லை.

சிலியும் இதே பள்ளத்தில் விழுந்த நாடுதான். 1970களில் தனியாருக்குப் போன வங்கிகள் தங்கள் குழும நிறுவனங்களுக்கே கடன் கொடுத்தன. 1983 ஜனவரியில் பாங்கோ டி சிலே உள்ளிட்ட பெரிய வங்கிகளின் நிர்வாகத்தை அரசு கையிலெடுத்தது. அங்கும் பொதுப்பணம் ஏராளமாகக் கரைந்தது. ஆனால் மத்திய வங்கி வாங்கிய வாராக்கடனை வங்கிகள் தங்கள் லாபத்திலிருந்தே திருப்பி வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. பாங்கோ டி சிலே தொடர்பான அந்தக் கடன் 2019இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதுவரை பங்குதாரர்களின் லாபத்தில் ஒரு பகுதி மத்திய வங்கிக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1986ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம், உரிமையாளருக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் கடனுக்குக் கடிவாளம் போட்டது.

விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. மெக்சிகோவில் தனியார் துறைக்குக் கிடைக்கும் கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சிலியில் அது இரு மடங்குக்கும் மேல். சிலியை எல்லாவற்றிலும் முன்மாதிரி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் நட்டத்தை யார் தலையில் வைப்பது என்பதில் அந்த நாடு சரியாக நடந்துகொண்டது.

இப்போது பனாமெக்ஸின் ஒரு பங்கு மெக்சிகோ நாட்டவர் கைக்கு வந்ததில் பெருமைப்பட இடமுண்டு. அதோடு நின்றுவிடக் கூடாது. உரிமையாளரின் பிற நிறுவனங்களுக்கு எவ்வளவு கடன் போகிறது, சிறு தொழில்களுக்கு எவ்வளவு போகிறது, நெருக்கடி வந்தால் பங்குதாரர்கள் முதலில் எவ்வளவு இழப்பார்கள் என்பதை ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். 1995இன் நட்டத்துக்கு இன்றுவரை வட்டி கட்டும் மெக்சிகோ மக்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.